திரும்பு என்றால் திரும்பு

பதினோரு பேரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பாதையில் கிடந்ததை அண்ணி குனிந்து பார்த்தாள். யானை லத்தி, அதாவது சாணம். அதுவும் ஈரம் காயாத லத்தி. புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது, அல்லது இருக்கிற மாதிரி இருந்தது. இடப்பக்கம் மூங்கில் புதர் ஆள் நுழைய முடியாமல் அடர்ந்து கிடந்தது. வலப்பக்கம் சரிவு. பத்தடி தள்ளிப் பாதை வளைகிறது. வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று இங்கிருந்து தெரியாது. அண்ணி நிமிர்ந்தாள், கையைத் தூக்கினாள், குரலை உயர்த்தாமல், "திரும்புங்க" என்றாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட முறை உள்ளவன் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவள் கொழுந்தன். ஆனால் அவன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு விடுதி முழுக்க அதுவே தொற்றிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த சமையல்காரம்மாவுக்கும் அவள் அண்ணி, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தினருக்கும் அண்ணி. அந்த விடுதிக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. காட்டோரத்து இருபத்திரண்டு குடும்பங்கள் சங்கம் வைத்து, தாங்களே மண் குழைத்துக் கட்டிய ஒன்பது குடில்கள், ஒரு வரவேற்பறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், யானை லத்தியிலிருந்து காகிதம் செய்கிற ஒரு கொட்டகை, அவ்வளவுதான். கொழுந்தன் சங்கச் செயலாளர். அண்ணியின் வீட்டுக்காரருக்குக் காகிதக் கொட்டகை. அண்ணி, விருந்தினரைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் ஆறு வழிகாட்டிகளில் ஒருத்தி.

அன்றைக்குப் பின்னால் நின்ற பதினோரு பேரும் சாதாரண விருந்தினர் இல்லை. விடுதிக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தின் பெரிய அதிகாரி, அவர் மனைவி, பிள்ளைகள், மச்சான், மச்சானின் குடும்பம், மச்சானின் கழுத்தில் கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு கேமரா. அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும். பார்வையிட வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வந்தார், குடும்பத்தோடு பார்வையிட்டார். ஒரு நடைக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்று விதி இருந்தும், "அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காதீங்க" என்று கொழுந்தன் காலையிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றியதில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"எதுக்குத் திரும்பணும்?" என்றார் அதிகாரி.

"விடுதிக்குப் போய்ச் சொல்றேன் சார். இப்பத் திரும்புங்க."

"இங்கயே சொல்லுங்களேன். என்ன பிரச்சினை?"

"இங்க நின்னு பேசக் கூடாது சார்."

மச்சானுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. அவன் கண் லத்தியின் மேல் விழுந்ததும் முகத்தில் விளக்கு எரிந்தது. "யானையா? ரெண்டு அடி போய்ப் பாத்துட்டு வந்துடறேன். ஒரே ஒரு போட்டோ." கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

அண்ணி பாதையின் நடுவில் நின்றாள். உயரத்தில் அவள் அவன் நெஞ்சுக்குத்தான் வருவாள். ஆனால் பாதையின் அகலமும் அண்ணியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. "என்னைத் தாண்டித்தான் போகணும் தம்பி" என்றாள். தாண்ட வழி இல்லை. இருந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவன் தாண்டியிருக்க மாட்டான்.

திரும்பினார்கள். ஒரு மணி நேர நடை. விடுதிக்கு வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் குடித்து, அண்ணி லத்தியைப் பற்றிச் சொன்னபோது அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சாணத்தைப் பாத்துட்டா? யானையைக்கூடப் பாக்கலையா?" என்றார். இரண்டு நாள் தங்குவதாக வந்தவர் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வண்டியேறிப் போய்விட்டார். சமையல்காரம்மா பதினோரு இலை வெட்டி வைத்தவள் வாயில் கைவைத்து நின்றாள். கொழுந்தன் கையைப் பிசைந்துகொண்டு வண்டி போன புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணிக்குக் கவலை இல்லை. சரியாகத்தான் செய்தோம் என்கிற தெம்போடு காகிதக் கொட்டகைக்குப் போனாள். வீட்டுக்காரர் தொட்டிக்குள் சல்லடைச் சட்டத்தை முக்கி, கூழை அள்ளி, தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்து, கடைசியில் நின்றேவிட்டது.

"மூங்கில் பக்கத்து வளைவுலயா?" என்றார்.

"ஆமா."

"வளைவுக்கு இந்தப் பக்கம்? ஒரு பத்தடி?"

"ஆமா. நீங்க எப்படி…"

"கொஞ்சம் உக்காரேன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க."

அவர் சட்டத்தைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "காலையில ஓடைக்கு மேல போய் ஒரு கூடை அள்ளினேன். நல்ல புதுசு, நார் நாரா, விட மனசு வரலை. சுத்துப் பாதையில வந்தா நேரமாகுமேன்னு உங்க நடைபாதையில இறங்கிட்டேன். அந்த இடத்துல கூடையோட அடி விட்டுப்போச்சு."

"அள்ளலையா?"

"அள்ளாம இருப்பேனா? துண்டுல கட்டுற அளவுக்கு அள்ளினேன். மிச்சத்தை உங்க நடை முடிஞ்சப்புறம் வந்து அள்ளிக்கலாம்னு…"

அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது, காது மடல் இரண்டும் சுட்டன. "பதினஞ்சு வருஷமா இந்தக் காட்டுல நடக்கறேன். யானை போட்டதுக்கும் என் வீட்டுக்காரர் போட்டதுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே எனக்கு!"

"யானை போட்டிருந்தா உருண்டை உருண்டையாத் தள்ளித் தள்ளிக் கிடந்திருக்கும். இது கொட்டின மாதிரி ஒரே குவியலா இல்ல கிடந்திருக்கும்? சுத்திக் காலடி இருக்கான்னு பாக்கலையா நீ?"

"பாக்கலை. லத்தியைப் பாத்தேன், கையைத் தூக்கினேன்."

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாது. வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நின்னுச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும். யாரு போய் யானைகிட்ட விசாரிக்கப் போறாங்க?"

கணவனைக் காட்டிக்கொடுக்கிற ஆசை அண்ணிக்கு இல்லை. ஊர் சிரிக்கும் என்பதும் தெரியும். ஆனால் பொய் யானை ஒன்றைக் காட்டில் நிறுத்தி வைத்துவிட்டு அதே பாதையில் நாளைக்கு எப்படி நடப்பது என்றும் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கொழுந்தன் ஓடி வந்தான். அதிகாரியின் அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. சங்கம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அந்த அண்ணி தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். கோபத்திலும் அதிகாரி அந்த அண்ணி என்றுதான் சொன்னாராம். இரண்டு, வழிகாட்டி திரும்பச் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும் என்கிற, சங்க விதிப் புத்தகத்தின் மூன்றாவது விதியை மாற்ற வேண்டும். இதெல்லாம் நடந்தால் அனுமதியைப் பற்றி யோசிக்கலாம் என்றாராம்.

"கடிதத்தை நானே எழுதிட்டேன் அண்ணி. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். அவன் கடிதம் எழுதினால் தாங்கள், தயவு, தாழ்மை மூன்றும் வரிக்கு ஒரு முறை வரும். இதிலும் வந்திருந்தன.

"கூட்டத்தைக் கூட்டு" என்றாள் அண்ணி.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு குடும்பமும் கூடியது. விதிப் புத்தகம் எப்போதும் போலச் சுவரோரம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் விஷயத்தைச் சொன்னான். கடிதத்தைப் படித்தான். அனுமதி போனால் ஒன்பது குடிலையும் பூட்டிவிட்டு மறுபடி ஊர் ஊராகக் கூலிக்கு அலைய வேண்டியதுதான் என்றும் சொன்னான். அது பொய் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அண்ணியைப் பார்த்த பார்வையில், ஒரு கையெழுத்துதானே என்கிற கெஞ்சல் இருந்தது.

அண்ணி எழுந்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அங்க யானை இல்லை."

அவள் வீட்டுக்காரரான காகிதக்காரர் தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்ளப் பார்த்தார். தூண் மெலிந்த தூண். அண்ணி கூடையைச் சொன்னாள், குவியலைச் சொன்னாள், துண்டில் கட்டியதையும் விடவில்லை. அப்புறம் சமையல்காரம்மா தொடங்கிவைத்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடமே குலுங்கியது. "அண்ணி, வீட்டுக்காரரைப் பாத்தா இனிமே கையைத் தூக்குவீங்களா?" என்று ஒருத்தன் கத்தினான். அண்ணி அத்தனையும் முடியட்டும் என்று நின்றாள். சிரிப்பில் அவள் முகம் சிவந்ததே தவிர, தலை குனியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கொழுந்தன் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன அண்ணி? தப்பு நம்ம மேலதான்னு ஆயிடுச்சு. எழுதிக் குடுத்துடலாம்."

"எழுத மாட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க?"

"லத்தி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. அது நிஜம். ஆனா திரும்பினது தப்புன்னு நான் சொல்லலையே."

அப்போது மூக்கன் எழுந்தார். வழிகாட்டிகளில் மூத்தவர் அவர். யானை நிற்பதை அரைக் காத தூரத்திலேயே மோந்து கண்டுபிடிப்பார் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "அண்ணி கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "நானா இருந்தா அது கூடையிலிருந்து விழுந்ததுன்னு கண்டுபிடிச்சிருப்பேன்."

"எப்படி?" என்றாள் அண்ணி.

"எப்படின்னா? ஆளுங்களை நிக்க வச்சுட்டு, குச்சியால கிளறிப் பாப்பேன். சுத்திக் காலடி இருக்கான்னு தேடுவேன். மூங்கில் ஒடிஞ்சிருக்கான்னு பாப்பேன். அப்படியும் சந்தேகம்னா, வளைவு வரைக்கும் ஒரு நாலடி முன்னால போய்…"

மூக்கன் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த நாலடி அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கூடத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்துவிட்டது. இளசுகளுக்குத்தான் விளங்கவில்லை, அவர்களுக்காக அண்ணி சொன்னாள்.

சங்கம் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று முகாம் நடத்திக்கொண்டிருந்தது. இவர்கள் எல்லோரும் அதில் வேலையாட்கள். அண்ணியின் சொந்த அண்ணன் அங்கே வழிகாட்டி. பாதி வழியில் திரும்பினால் வழிகாட்டி ஒரு படிவத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன பார்த்தாய், எத்தனை பார்த்தாய், எவ்வளவு தூரத்தில் பார்த்தாய் என்று அதில் வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். சந்தேகமாக இருந்தது என்று எழுதக் கட்டம் கிடையாது. ஒரு மாதத்தில் மூன்று முறை வெறுமனே திரும்பினவனுக்கு அடுத்த மாதம் நடை கிடையாது, புல் வெட்டப் போக வேண்டும். அண்ணன் அந்த மாதம் இரண்டு முறை திரும்பியிருந்தான். மூன்றாம் முறை புதருக்குள் ஏதோ சத்தம் கேட்டு ஆட்களை நிறுத்தினான். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று, நிச்சயம் பண்ணிக்கொள்ள நாலடி முன்னால் போனான். யானை இருந்தது. ஆட்கள் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். படிவத்தை வேறு யாரோ நிரப்பினார்கள்.

"அவன் போனதுக்கப்புறம்தான் நாம இந்தப் புத்தகத்தை எழுதினோம்" என்றாள் அண்ணி. "முன்னால நடக்கறவங்க திரும்பச் சொன்னா எல்லாரும் திரும்பணும், காரணம் விடுதிக்கு வந்த பிறகுதான்னு எழுதி, இருபத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டோம். திரும்பச் சொன்னவங்க சந்தேகம் சரியா இருந்தாத்தான் திரும்பணும்னு அதுல எழுதலை. நான் இன்னிக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு நடக்கப் போற பொண்ணு லத்தியைப் பாத்ததும் என்ன நினைப்பா? இது நிஜ லத்தியா, கூடை லத்தியா, தப்பாப் போனா நானும் எழுதிக் குடுக்கணுமோன்னு நினைப்பா. நினைச்சுட்டு நாலடி முன்னால போவா. நான் தப்பாத் திரும்பினதை வச்சுச் சிரிங்க, எவ்வளவு வேணா சிரிங்க. ஆனா தப்பாத் திரும்பறதுக்கும் சேத்துத்தான் அந்த விதி."

கொழுந்தன் கடைசி முயற்சியாக, "அப்ப அனுமதிக்கு என்ன பண்றது அண்ணி?" என்றான்.

"ஒரு கடிதம் எழுதறேன். நான் நிஜமாவே பண்ணின தப்பு ஒண்ணு இருக்கு. எட்டுப் பேருக்குப் பதிலாப் பதினோரு பேரைக் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு எழுதித் தரேன்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். அந்தத் தப்பில் முக்கால் பங்கு யாருடையது என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எழுந்து விதிப் புத்தகத்தின் பக்கத்தில் போய் நின்றவர் மூக்கன். "நாளைக்கு அந்த ஆள் அண்ணியை நடையிலிருந்து எடுக்கச் சொன்னா நானும் நடக்கலை. எழுதிக்கோ செயலாளரே" என்றார். மற்ற நான்கு வழிகாட்டிகளும் அவர் பின்னால் போய் நின்றார்கள். தீர்மானம் அப்படியே எழுதப்பட்டது. பயந்தவர்கள் இல்லாமல் இல்லை, பயத்தோடுதான் கையைத் தூக்கினார்கள். காகிதக் கொட்டகைக்காரர் இனிமேல் நடைபாதையில் கூடையோடு காலை வைத்தால் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதற்கு முதல் கை தூக்கியவர் காகிதக்காரரேதான்.

கடிதத்தை லத்திக் காகிதத்தில் எழுதலாம் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். "நான் கிண்டல் பண்ணப் போகலை" என்று சொல்லி, அண்ணி பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டாள்.

இரண்டு பஸ் மாறி, அண்ணியும் கொழுந்தனும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வராந்தாவின் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடி போட்ட மேஜை, தட்டு மூடிய தண்ணீர் டம்ளர், இரண்டு பக்கமும் கோப்பு அடுக்கு, ஜன்னலோரம் கணினிக்கு முன்னால் ஒரு குமாஸ்தா. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் கோப்புகளின் காது படபடத்தது. உட்காரச் சொல்லவில்லை. அண்ணி நாற்காலியை இழுத்துத் தானே உட்கார்ந்தாள். கொழுந்தன் நின்றான்.

அதிகாரி கடிதத்தைப் படித்தார். சின்னக் கடிதம்தான். பதினோரு பேரைக் கூட்டிப் போனது என் தவறு, இனி யார் சொன்னாலும் எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப் போக மாட்டேன். பாதையில் கிடந்த லத்தி எங்கள் கூடையிலிருந்து விழுந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. நாளைக்கு அதே போலப் பார்த்தாலும் திரும்புவேன். அவ்வளவுதான். அவர் இரண்டாம் முறை படித்தார்.

"இது மன்னிப்புக் கடிதமா, மிரட்டல் கடிதமா?"

"நடந்ததை எழுதியிருக்கேன் சார்."

"அப்ப யானையே இல்லை."

"இல்லை சார்."

"ஒரு கூடை சாணத்துக்கு என் குடும்பத்தையே ஓட ஓட விரட்டியிருக்கீங்க."

"ஓடலை சார். காட்டுல ஓடக் கூடாது. நடந்துதான் வந்தோம்."

குமாஸ்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அதிகாரி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததும் நின்றது.

"சரி, ஒண்ணு பண்றேன்." அதிகாரி அண்ணியை விட்டுவிட்டுக் கொழுந்தனிடம் திரும்பினார். குரலில் பெருந்தன்மை வந்தது. "கையெழுத்துப் போடறேன். இந்தம்மா இனிமே காட்டுப் பக்கம் வழிகாட்டப் போகக் கூடாது. சமையலோ துணி துவைக்கிறதோ பாத்துக்கட்டும். திரும்பச் சொன்னா காரணத்தை அங்கேயே சொல்லணும்னு விதியை மாத்திடுங்க. என்ன சொல்றீங்க செயலாளர்?"

அண்ணிக்கு நம்பிக்கை இல்லை. கொழுந்தனை அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து பார்க்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் இவன் கழுத்து தானாக ஆடும்.

"முடியாது சார்" என்றான் கொழுந்தன். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "அண்ணி இல்லைன்னா மத்த அஞ்சு பேரும் நடக்க மாட்டாங்க. தீர்மானம் போட்டாச்சு. நானும்… நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

அண்ணி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று இருந்தது, இந்த ஆளுக்கு முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

"அப்ப அனுமதியும் முடியாது" என்றார் அதிகாரி.

"சரி சார்" என்றாள் அண்ணி. "அதை எழுதிக் குடுத்துடுங்க."

"எதை?"

"காரணத்தை. பாதையில ஆபத்து இருக்குன்னு நினைச்சு ஒரு வழிகாட்டி விருந்தாளிங்களைப் பத்திரமாத் திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க, அதனால இந்த விடுதிக்கு அனுமதி இல்லைன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் குடுங்க. கண்ணாடிச் சட்டம் போட்டு எங்க வரவேற்பறையில மாட்டறோம். ஏன் மூடிட்டீங்கன்னு யார் வந்து கேட்டாலும் அதைப் படிக்கச் சொல்லிடுவோம். என்னைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீங்க, நான் எழுதிட்டேன். இப்ப நீங்க எழுதுங்க."

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்த பேனா அப்படியே நின்றது. குமாஸ்தா கணினியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் திரை அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அதிகாரி பேனாவை மூடினார். "முறைப்படி பதில் வரும். போகலாம்."

"காரணத்தோட வரணும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி எழுந்தாள்.

வெளியே வந்ததும் கொழுந்தன் படியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் பக்கத்து இரும்புக் கடைக்குப் போய், ஒரே ஒரு ஆணி வேண்டும், மூன்று அங்குலம், தலை பெரிதாக என்றாள். ஒற்றை ஆணியெல்லாம் விற்பதில்லை என்று கடைக்காரர் எரிச்சலோடு சும்மாவே எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கே அதை வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணுக்கு நேராக, நடுச்சுவரில் அடித்தாள்.

மாதக் கடைசி வந்தது, பதில் வரவில்லை. விருந்தினரை அனுப்பிவிட்டு ஒன்பது குடிலையும் பூட்டினார்கள். அந்த நாட்கள் அண்ணிக்கு லேசாகப் போகவில்லை. கூட்டத்தில் கை தூக்கியவர்களிலேயே சிலர் அவள் வருவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் ஒருத்தி, "வீம்பு சோறு போடுமா?" என்று காதுபடச் சொன்னாள். "போடாது. ஆனா போன உயிரைச் சோறு கொண்டு வராது" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து வெகு நேரம் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். காகிதக்காரர் வந்து, ஒன்றும் கேட்காமல், தானே அடுப்பை மூட்டினார். தினமும் காலையில் ஆறு வழிகாட்டிகளும் யாரும் வராத நடைபாதைக்குப் போய்ச் செடி வெட்டி, கல் ஒதுக்கி, சருகு கூட்டிவிட்டு வந்தார்கள்.

பதினெட்டாம் நாள் தபால்காரர் ஒரு நீள உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். கொழுந்தன் பிரித்தான். உள்ளே ஒரே ஒரு தாள். மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி. கையெழுத்து, முத்திரை, தேதி. அண்ணியைப் பற்றி ஒரு சொல் இல்லை, விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உறையைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தான், வேறொன்றும் விழவில்லை.

சமையல்காரம்மா கரண்டியும் தட்டுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். மூக்கன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார். ஒரு மணி நேரத்தில் அனுமதித் தாளுக்குக் கண்ணாடிச் சட்டமும் தயாராகிவிட்டது. கொழுந்தன் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, நடுச்சுவர் ஆணியில் மாட்டப் போனான்.

"அதுல மாட்டாதே" என்றாள் அண்ணி.

"ஆணி சும்மாத்தானே இருக்கு?"

"அது இதுக்கு அடிச்ச ஆணி இல்லை. இதுக்கு வேற அடிச்சுக்கோ."

கொழுந்தன் ஸ்டூலில் நின்றபடியே அவளைப் பார்த்தான். அப்புறம் இறங்கிப் போய்ச் சுத்தியலைத் தேடி எடுத்து வந்தான். அனுமதித் தாள் கதவோரத்தில், கொஞ்சம் கோணலாக, வேறொரு ஆணியில் தொங்குகிறது.

நடுச்சுவரில் வெறும் ஆணி ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வருகிற விருந்தினரில் பாதிப் பேராவது கேட்டுவிடுகிறார்கள்.

"அங்க ஒரு கடிதம் மாட்டணும்" என்பாள் அண்ணி. "எழுதறதுக்குத்தான் இன்னும் யாருக்கும் தைரியம் வரலை."